காதோரம் பிடித்த மரக்கட்டை

அக்கா மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் இந்தக் குழந்தைக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று பாதியாவது தெரிந்திருக்கும். வாயை மூடு. தயவுசெய்து மூடு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன். இன்றைக்காவது நான் சொல்லாமலே மூடு.

இதில் ஒரு சொல்கூட என் முகத்தில் தெரிந்திருக்காது. எனக்குச் சம்பளம் கொடுப்பதே முகத்தில் எதுவும் தெரியாமல் இருப்பதற்குத்தான்.

ஒலிபெருக்கியில் வந்தது அக்காவின் குரல். அவளைக் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே, மெஷின் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோம். வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவர்களோடு பேச அங்கே ஒரு மைக் உண்டு. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"ஏய், புள்ளைக்கு உள்ள மூச்சு முட்டுதான்னு கேளு. வேர்க்குதா பாரு."

புள்ளை என்றது பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தன் மகளை. சோதனைக்கு வந்திருந்த நிஜமான குழந்தை, அறையின் மூலைகளிலிருந்து என் அக்கா பேசுவதைக் கேட்டு வீல் என்று அலறித் தன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அன்று காலை அது எங்களுக்குக் காட்டிய முதல் பதில் அதுதான்.

"கேக்குதுன்னு எழுதிக்கலாமாம்மா?" என்று மைக்கைப் பிடுங்கிக் கேட்டார் பொத்தான்.

பொத்தான் என்பது அவர் பெயரில்லை. மெஷினில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறவர் என்பதால் ஏதோ ஒரு குழந்தை வைத்தது, ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. இப்போது கேன்டீனில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

குழந்தைகள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் இடம். சுவரெல்லாம் மெத்தை போல் பஞ்சு வைத்து அடித்த, வெளிச்சத்தம் நுழையாத அறை. உள்ளே ஒரு குட்டி மேசை, குட்டி நாற்காலிகள், ஒரு சிவப்பு வாளி, கூடை நிறைய மரக்கட்டைகள். குழந்தை ஒரு கட்டையை எடுத்துக் காதோரம் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் கட்டையை வாளியில் போட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பொத்தான் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவார். கட்டை விழாமல் நிற்கிற இடம்தான் அந்தக் காதின் எல்லை.

நான் உள்ளே, குழந்தைக்கு எதிரில். சத்தம் எனக்கும் கேட்கும். கேட்காதவள் மாதிரி இருக்க வேண்டும். கண் அசையக்கூடாது, புருவம் உயரக்கூடாது. உம் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது, குழந்தை பயந்துவிடும். சும்மா ஒரு முகம், பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவளின் முகம். இது வர எனக்கு வெகுகாலம் பிடித்தது. இப்போது தேவையில்லாத இடத்திலும் வந்துவிடுகிறது. 'உன்கிட்ட பேசறதும் அந்தச் செவுத்துக்கிட்ட பேசறதும் ஒண்ணு' என்று வீட்டில் சொல்லக் கேட்டுவிட்டேன்.

அலறிய குழந்தையை இன்னொரு நாள் கூட்டிவரச் சொல்லி அனுப்பினேன். போகிற வழியில் அது என் செருப்பின்மேல் வாந்தி எடுத்தது. கண்ணாடிக்கு அப்பால் அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அவள் எதிர்பார்த்து வந்தது இதைத்தான்.

முந்தின நாள் மாலை போனில் வந்த யோசனை அது.

"ஒரு நாள் அவளை உன்கூட வெச்சுக்கோ. எச்சில், மூக்குச்சளி, கத்தல், எல்லாத்தையும் கண்ணால பாக்கட்டும். தானா ஓடி வந்துடுவா."

"நான் என்ன பேய் பங்களாவா நடத்தறேன்?"

"நீதானேடி சொல்லுவ, பேய்ங்ககூடப் பரவால்ல, சொன்ன பேச்சு கேக்கும்னு."

சொல்லியிருக்கிறேன். மறுக்க முடியாது.

அக்காவின் மகளுக்கு டாக்டர் படிப்புக்கே இடம் கிடைக்கிற மார்க். அதை விட்டுவிட்டு, குழந்தைகளுக்குக் காதும் பேச்சும் பார்க்கிற என் படிப்பைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எந்தப் படிப்பு வேண்டும் என்று பதிவு செய்ய நாளைக்குக் கடைசி நாள். வீட்டில் ஒரு வாரமாக யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதாவது அக்கா பேசுகிறாள், மற்றவர்கள் பேசவில்லை.

"டாக்டர்னா ஒரு வார்த்தையில முடிஞ்சுது. உன் வேலை என்னன்னு நான் ஒருத்தருக்கு வெளக்கி முடிக்கறதுக்குள்ள அவங்க எறங்கற ஸ்டாப் வந்துடுது."

"வெளக்காதே."

"கேக்கறாங்களே!"

அக்காவின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் நான்தான். வேலை முடிந்து பேருந்தில் ஏறியதும் அவளுக்குப் போன் செய்வது என் வழக்கம். இன்றைக்கு ஒன்று கடித்துவிட்டது, இன்றைக்கு ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தான், இன்றைக்கு மெஷின் படுத்துவிட்டது, நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி ஒரு மூலையில் எறிவதில்லையா, அது மாதிரிதான் எனக்கு அந்தப் பேச்சு. எறிந்ததையெல்லாம் அவள் பொறுக்கி எடுத்துத் துடைத்து அடுக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது இந்த வாரம்தான் தெரிந்தது. 'சித்தியே சொன்னா' என்று தேதிவாரியாக எடுத்து மகள் முன்னால் வைக்கிறாளாம்.

நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்பதற்கு வீட்டில் எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கும். 'அவளுக்குக் குழந்தைங்கன்னா உசுரு.' சொந்தக்காரர்கள் கூடுகிற எந்த வீட்டிலும் குழந்தைகளையெல்லாம் ஓர் அறையில் போட்டு, என்னையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். யாருடைய குழந்தைக்கோ முதுகில் தடிப்பு வந்தால் எனக்குப் படம் வரும். நான் காது பார்ப்பவள் என்று பதில் போட்டால், 'குழந்தைங்க ஆஸ்பத்திரிதானே' என்று மறுபதில் வரும்.

உசுரெல்லாம் இல்லை. சொல்லப்போனால் குழந்தைகளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பிசுபிசுப்பான கைகளும், நியாயமே இல்லாத அழுகையும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது. எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. கட்டையைக் காதோரம் வைத்துக்கொண்டு, சத்தம் வரப்போகிறது என்று ஒரு குழந்தை காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம். ஓடிக்கொண்டும் ஒழுகிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்த ஒன்று, சட்டென்று முழுதாக நிற்கும். உதடு லேசாகப் பிரிந்திருக்கும். கண் எதையும் பார்க்காது. பெரியவர்கள் யாரும் அப்படி எதற்காகவும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பது மட்டும் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அலுப்பைச் சொல்லத்தான் வாய் முந்துகிறது.

அக்கா மகளை நாங்கள் பூனை என்று கூப்பிடுவோம். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அலறும் குழந்தையைச் சமாதானப்படுத்த வேண்டும் என்றோ, என் செருப்பைத் துடைக்க வேண்டும் என்றோ அவளுக்கு யாரும் சொல்லவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் ஈரத்துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தால் இந்த வேலையில் தின்றுவிடுவார்கள்.

"உள்ள உக்காரும்போது ஒரே ஒரு விஷயம்தான்," என்று அவளிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். "சத்தம் உனக்குக் கேக்கும். கேட்ட மாதிரி காட்டிக்கக் கூடாது. மூஞ்சியைச் செவுரு மாதிரி வெச்சுக்கோ."

"சரி சித்தி."

"சிரிக்கக்கூட வேணாம்."

"சரி சித்தி."

அடுத்து வந்தவன் மூன்று வயதுச் சிறுவன். சுருட்டை முடி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. வாசலில் நின்று எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தான். அவனுடைய அம்மா பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தார்.

"இவனுக்கு எல்லாம் கேக்கும் மேடம். அவங்க அப்பா வண்டி தெருமுனையில வந்தாலே வாசலுக்கு ஓடுவான். நாம கூப்பிட்டாத்தான் வர மாட்டான். அப்படியே அவங்க அப்பா! ஸ்கூல்ல அந்த டீச்சர்தான் ஒரே பிடியா, காதைப் பாருங்க, காதைப் பாருங்கன்னு."

"பேசறானா?"

"பேசுவான், பேசுவான். வெக்கம்."

வண்டியின் உறுமல் தடித்த சத்தம். பேச்சில் பாதி, விசில் மாதிரிக் கீச்சென்ற மெல்லிய சத்தம். ஒன்று கேட்டு மற்றது கேட்காமலும் இருக்கலாம். இதை நான் அப்போது சொல்லவில்லை. சோதனைக்கு முன்னால் சொல்லிப் பயனில்லை, கேட்க மாட்டார்கள்.

விளையாட்டை அவன் உடனே பிடித்துக்கொண்டான். நான் ஒரு முறை மத்தளம் தட்டிக் காட்டினேன். இரண்டாவது தட்டலுக்குக் கட்டை வாளியில். அவனுடைய அம்மா கைதட்டினார். அம்மா மடியில் வைத்தே சோதிக்கலாம் என்று முதலில் விட்டேன். கொஞ்ச நேரத்தில், சத்தம் வரும்போதெல்லாம் அவர் முழங்கால் எகிறுவதைப் பார்த்தேன்.

"அம்மா, காலை ஆட்டாதீங்க."

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலையே!"

பொய்யில்லை, அவருக்கே தெரியவில்லை. குழந்தைக்கு விடை தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அந்தக் கால் தானாகத் துள்ளுகிறது. தினமும் பார்க்கிறேன், தினமும் சொல்கிறேன், தினமும் 'நானா?' என்கிறார்கள். அவனைக் குட்டி நாற்காலிக்கு மாற்றி, அவரைப் பின்னால் சுவரோரமாக உட்கார வைத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சோதனை அருமையாக நடந்தது. பெரிய சத்தம், கட்டை விழுந்தது. அதைவிடச் சின்னது, விழுந்தது. இன்னும் சின்னது. மெல்லிய விசில் போன்ற சத்தங்களுக்கும் விழுந்தது. பொத்தான் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அம்மா பின்னால் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. டீச்சரைப் போய் நாலு கேள்வி கேட்கத் தயாராகிவிட்டார்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. எங்கே அந்த நிற்றல்? அவன் காத்திருக்கவே இல்லை. உதடு பிரியவில்லை. கட்டை காதோரம் இருந்தது, ஆனால் அவன் காது கொடுக்கவில்லை. அவன் கண் ஓர் இடத்தில் வேலையாக இருந்தது. எனக்கு இடப்பக்கம்.

நான் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினேன்.

பூனை வாயை இறுக மூடியிருந்தாள். கைகளைக் கட்டியிருந்தாள். என்னால் குறை சொல்ல முடியாத செவுரு. அப்போது ஒரு சத்தம் வந்தது, இலை உரசுவது மாதிரி அவ்வளவு சின்னது. அவளுடைய இரண்டு புருவமும் மெல்ல மேலே போயின. 'கேட்டுதா கண்ணா, கேட்டுதா?' என்று அந்த முகம் முழுக்க வேண்டிக்கொண்டது. கட்டை விழுந்தது. புருவம் இறங்கியது.

மறுபடி சத்தம். புருவம். கட்டை.

எல்லாம் வீண். அம்மாவின் காலைக் கண்டுபிடித்து அப்புறப்படுத்திவிட்டு, என் சொந்தத்தில் ஒன்றை அழைத்துவந்து அவன் கண்ணெதிரே உட்கார வைத்திருக்கிறேன்.

"பூனை, ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உக்காரு."

"என்ன சித்தி?"

"செவுத்தைப் பாத்து."

நான் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கடிக்கிற குழந்தைகளிடம்கூட நான் அந்தக் குரலில் பேசியதில்லை. அவள் திரும்பி உட்கார்ந்தாள். பின்கழுத்து சிவந்துபோயிற்று.

பொத்தானுக்குச் சைகை காட்டினேன். அதே மெல்லிய சத்தம் வந்தது. கட்டை காதோரமே இருந்தது. பொத்தான் கூட்டினார். கட்டை அசையவில்லை. இன்னும் கூட்டினார். இப்போது அந்தச் சத்தம் என் பல்லில் கூசியது. சிறுவன் பூனையின் முதுகைப் பார்த்தான். முதுகில் ஒன்றும் இல்லை. என் முகத்துக்கு வந்தான். நான் பேருந்தில் சன்னலோரம் இருந்தேன். திரும்பி அம்மாவைத் தேடினான். பிறகு மறுபடி என் முகம். தொந்தரவு செய்யவில்லை, அழவில்லை. கட்டை பிடித்த கை வலித்திருக்க வேண்டும். இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

வீட்டிலும் அவன் இப்படித்தான் சமாளித்திருக்கிறான். வாசலில் நின்று எங்கள் முகங்களை அவன் படித்ததை நினைத்துக்கொண்டேன்.

தடித்த சத்தத்தைப் போடச் சொன்னேன். கட்டை டமார் என்று விழுந்தது. எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்தான்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மொதல்ல கேட்டுச்சே மேடம்."

"இல்லம்மா. அவன் மூஞ்சியைப் பாத்துப் போட்டிருக்கான்."

"அந்தப் பொண்ணு இருந்தப்ப நல்லா கேட்டுச்சு. அதைத் திரும்பி உக்காரச் சொல்லுங்க. அது பாத்துட்டிருந்தா அவனுக்குக் கேக்குது."

நான் சொல்வது அவருக்குப் புரியவில்லை என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. புரிந்ததால்தான் அதைக் கேட்டார்.

"அப்ப கேக்குதா, கேக்கலையா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"இன்னிக்குச் சொல்ல மாட்டோம். சோதனை கெட்டுப்போச்சு. இப்ப அவன் எங்க மூஞ்சியையே பாத்துட்டு இருப்பான். அடுத்த வாரம் புதுசா வைக்கலாம். கெட்டுப்போன சோதனையை வெச்சு இந்த ரூம்ல யாரும் எதுவும் சொல்றதில்ல. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல."

"அதுவரைக்கும் நான் எப்படிங்க தூங்கறது?"

அடுத்த முறை வரும்போது என்ன செய்வோம், யார் எங்கே உட்கார்வார்கள் என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே குழந்தையின் சட்டையைச் சரிசெய்தார். வெளியே போகும்போது சிறுவன் கையில் ஒரு கட்டை இருந்தது. கேட்டு வாங்க மனம் வரவில்லை. நீள நடைபாதையில் அவன் அதைக் காதோரம் பிடித்துக்கொண்டே, அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி நடந்துபோனான்.

பொத்தான் வந்து என் பக்கத்தில் நின்றார். "நானும் கட்டைவிரலைத் தூக்கிட்டேன்மா," என்றார். பிறகு, "டீ குடிச்சுட்டு வாங்க. அடுத்தது கொஞ்சம் லேட்டாத்தான் வரும்."

படிக்கட்டுக்குக் கீழே டீ மெஷின், அதன் எதிரில் ஒரு பெஞ்ச். சுவரில் சிரிக்கிற மீன் வரைந்திருப்பார்கள். ஊசி போட்டுக்கொண்டு வருகிற எந்தக் குழந்தையும் அந்த மீனைப் பார்த்துச் சிரித்ததில்லை. பூனை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து காகிதக் கோப்பையின் விளிம்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜெயித்தவள் காட்டும் கருணை.

"சித்தி, நான் கெடுத்துட்டேன்ல?"

"ஆமா, கெடுத்துட்ட."

அவள் தலையை ஆட்டினாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"எனக்குத் தெரியவே இல்ல சித்தி. கையெல்லாம் கட்டிட்டுத்தான் இருந்தேன்."

"தெரியாதுதான்."

"அந்த அம்மா இன்னிக்குத் தூங்க மாட்டாங்கல்ல?"

நான் டீயை ஊதினேன்.

"போதும்டா, விடு," என்றாள் அக்கா. பிறகு என்னை ஓரமாக இழுக்கவில்லை, குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. அவள் மகள் கேட்க வேண்டும் என்றே பேசினாள். "சொல்லு இவகிட்ட. இது உனக்குச் சரிப்பட்டு வராதுன்னு உன் வாயால சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டா. நீ சொன்னா கேப்பா."

"அக்கா."

"என்ன அக்கா? நான் கண்ணாடி வழியாப் பாத்தேனே, அவளைச் செவுத்துப் பக்கம் திருப்பி உக்கார வெச்சியே. லாயக்குன்னா திருப்புவியா?"

அக்காவோடு வாதம் செய்வதில் இருக்கிற சிக்கல் இதுதான். அவள் சொல்வதில் பாதி எப்போதும் சரியாக இருக்கும்.

"அவளுக்கு மனசு இளகின மனசு," என்றாள். "டாக்டர்னா ஒரு பத்து வருஷத்துல மனசு மரத்துப்போய் நிம்மதியா இருப்பா. இதுல என்ன ஆகும்? நீ தெனமும் பஸ்ல உக்காந்துட்டுப் போன் பண்றியே, உன் குரலைக் கேக்கறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கியா? இன்னிக்கு என்ன ஆச்சோ, இன்னிக்கு என்ன ஆச்சோன்னு போனை எடுக்கறேன். உனக்கு நான் இருக்கேன். இவளுக்கு யாரு இருப்பா?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. மார்க்குக்காக, ஊர்ப் பேச்சுக்காக, ஸ்டாப் வருவதற்குள் விளக்கி முடிக்க முடியாததற்காக என்றுதான் நினைத்திருந்தேன். நான் மூலையில் எறிந்ததையெல்லாம் அவள் ஆயுதமாக அடுக்கியதாக எண்ணிக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் இத்தனை காலமும் அதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"சித்தி போன்ல திட்டறதைக் கேட்டுத்தான்மா எனக்கு இது புடிச்சுது," என்றாள் பூனை கோப்பையிடம்.

"என்னது?"

"நீ ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தானே வேலை பாப்ப. நான் உள்ள ரூம்லேர்ந்து கேப்பேன். ஒரு பாப்பா வாளியைத் தலையில கவுத்துக்கிச்சுன்னு திட்டினாங்க. ஒருத்தன் கட்டையை நக்கிப் பாத்துட்டுத்தான் காதுல வெச்சுக்குவான்னு திட்டினாங்க. ஒவ்வொண்ணும் எப்படி இருந்துச்சுன்னு முழுசா சொல்லிட்டுத்தான் திட்டுவாங்க. உனக்குத் திட்டறது மட்டும் கேக்குது."

அக்கா என்னைப் பார்த்தாள். நீதான் காரணம் என்பது அந்தப் பார்வை. எப்படிப் பார்த்தாலும் நான்தான் காரணம். புலம்பியதும் நான், புலம்பலில் குழந்தைகளை ஒளித்து வைத்ததும் நான்.

"சரி, கேட்டுட்ட, இப்பப் பாத்தும் ஆச்சு," என்று அக்கா மகளிடம் திரும்பினாள். "அந்தப் பையன் விஷயத்துல என்ன ஆச்சு? நீ நல்லதுன்னு நெனச்சு பண்ணது அவனுக்குக் கெடுதலாச்சு. நாளைக்கு இப்படி எத்தனை பேருக்கு?" பிறகு என்னிடம், "உண்மையைத்தானே கேக்கறேன். உன்னைப் பொய் சொல்லச் சொல்லலையே. ஒரே ஒரு வார்த்தை. நீ சொல்லிட்டா வீட்டுக்குப் போய் நிம்மதியா ரிஜிஸ்டர் பண்ணிடுவோம்."

ஒரு வார்த்தை. காலையிலிருந்து எல்லோருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது.

சொல்வது சுலபமாகவும் இருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. முகத்தைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை உனக்கு, போய் வேறு ஏதாவது படி, என்றால் அது முழுப் பொய்யும் ஆகாது. அக்கா நிம்மதியாகத் தூங்குவாள். எனக்கும் தினமும் பேருந்தில் பழையபடி புலம்ப ஒரு காது மிஞ்சும். இல்லை, இன்னொரு பக்கமும் சுலபம்தான். இந்த மாதிரிப் பிள்ளைகள்தான் இதற்கு வேண்டும், வா, என்று அவள் தோளைத் தட்டலாம். ஈரத்துணியோடு தரையில் உட்கார்ந்தாளே, அந்த அம்மாவின் தூக்கத்தைப் பற்றிக் கேட்டாளே என்று எனக்குள் ஒரு குரல் ஏற்கெனவே வாதாடத் தொடங்கியிருந்தது. அந்தக் குரலையும் நான் நம்பவில்லை. எனக்குத் துணைக்கு ஆள் தேடுகிற குரலாக இருக்கலாம்.

பூனை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அம்மா என்ன கேட்கிறாள் என்பதை அவள் விட்டுவிட்டாள். என் புருவம், என் உதட்டோரம் இவற்றில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். அவளுடைய முழங்கால் வேகவேகமாக ஆடிக்கொண்டிருந்தது.

"காலை ஆட்டாதேக்கா," என்றேன்.

"நானா? நான் எங்க ஆட்டறேன்?" என்றாள். பிறகு குனிந்து பார்த்துவிட்டு முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டாள். "பேச்சை மாத்தாதே. சரிப்படாதுன்னு சொல்லுவியா மாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப அவ நல்லா வருவான்னு சொல்றியா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

"இது என்னடி பதில்? நாளைக்குக் கடைசி நாள்!"

"தெரியும்க்கா. அவ சொல்லட்டும்."

"சித்தி..." என்றாள் பூனை. மீதியை அவள் கண் கேட்டது.

அவள் முகத்தைப் பார்த்தபடியே இருந்தேன். கண் அசையவில்லை, புருவம் உயரவில்லை, உம் என்றும் இல்லை. வெகுகாலம் பிடித்து வந்த அந்த முகம் இவ்வளவு கனம் என்று எனக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. மேல்மாடியில் ஏதோ ஒரு குழந்தை கத்தத் தொடங்கியது. அக்கா என் கையை உலுக்கினாள். நான் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.